ஒரு வாளிக் கடல்

கடலை ஒட்டிக் கட்டிய கல்லூரியில் முதலில் சாவது கதவுக் கீல்தான். அதற்குப் பிறகு ஜன்னல் கம்பி, அதற்குப் பிறகு ஆபீஸ் சைக்கிள், அதற்குப் பிறகு மின்விசிறி என்று உப்புக்காற்று ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டே வரும், வாத்தியார்மார் மட்டும் எப்படியோ தப்பித்துவிடுவார்கள். தென்கோடியில் புன்னையடி என்ற கரையோர ஊரில் அப்படியொரு கல்லூரி இருந்தது. அதில் ஆயிரத்து இருநூறு பிள்ளைகள் படித்தார்கள், அவர்களில் நானூறு பேர் ஹாஸ்டலில் கிடந்தார்கள், அந்த நானூறு பேரும் வலது மணிக்கட்டில் ஆளுக்கொரு கயிறு கட்டியிருந்தார்கள். இன்ன சாதிக்கு இன்ன நிறம் என்று அதற்கொரு ஏற்பாடு. எந்த நிறம் எவனுடையது என்று இங்கே சொல்வதாக இல்லை; சொன்னால் இதைப் படிக்கிறவர்களிலேயே பாதிப் பேர் எழுந்து ஒரு பக்கமாகப் போய் நின்றுகொள்வார்கள்.

கொம்பையாவுக்குக் கரிசல் காட்டில் ஊர். பதினேழு வயது வரை அவன் பார்த்த பெரிய தண்ணீர் ஊர்க் கண்மாய்தான், அதுவும் மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை நிறைந்தால் அதிசயம். வேதியியலில் சேர அட்மிஷனுக்கு வந்த அன்று, துறைக் கட்டடத்துக்குப் பின்னால் ஒன்றுக்கிருக்க ஒதுங்கியவன் காம்பவுண்டுச் சுவருக்கு மேலே தலையை நிமிர்த்த, அங்கே கடல் நின்றது. வந்த காரியம் மறந்துபோய் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். அன்றிலிருந்து தினமும் நாலு மணிக்கு லேப் முடிந்ததும் அந்தச் சுவரில் ஏறி உட்கார்ந்து கடலைப் பார்ப்பதே அவனுக்கு வேலையாகிப் போனது. காலையிலிருந்து இது கரையைப் போட்டு அடிக்கிறதே, கரை இதற்கு என்ன கெடுதல் செய்தது? அடித்துவிட்டு ஏன் பின்னால் போகிறது, அடித்த வெட்கமா, அல்லது அடுத்த அடிக்குக் கையை ஓங்குகிறதா? கோடி அடி வாங்கிய கரை ஒன்றும் ஆகாமல் அப்படியே கிடக்கிறது என்றால், தண்ணீர் அடிக்கிற அடி அடியில் சேர்த்திதானா? இப்படியே இருட்டுகிற வரை யோசித்துவிட்டு, அதே கேள்விகளோடு ரூமுக்குப் போவான்.

ரூமில் ராசகனி இருந்தான். பொருளாதாரம் படிக்கிறவன், கொத்தவரங்காய் உடம்பு, வேறு கயிறு. அட்மிஷன் நம்பர் வரிசைப்படி வார்டன் இரண்டு பேரையும் இருபத்தேழாம் நம்பர் ரூமில் தள்ளியிருந்தார். வழக்கமாக ஒரே வாரத்துக்குள் பிள்ளைகள் தங்களுக்குள் மாற்றிக்கொண்டு அவனவன் கயிறோடு போய்ச் சேர்ந்துவிடுவார்கள். இவர்கள் முதலில் சோம்பலால் மாறவில்லை, பிறகு மாற மனசு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்கு இரண்டு பேரும் ஒரே தட்டு.

"எலே, கடலு கரைய அடிக்கா, கொஞ்சுதா?" என்று கொம்பையா ஒரு நாள் கேட்டான்.

"ரெண்டும் இல்ல, தள்ளுது. பஸ்ஸுல பின்னாடி நிக்கவன் தள்ளுவாம்லா, அது மாதிரி," என்றான் ராசகனி. "நான் அது பக்கத்துல போக மாட்டேம்பா. அம்புட்டுத் தண்ணியும் ஒரே எடத்துல கெடந்தா நம்பக் கூடாது." கல்லூரியில் சேர்ந்ததிலிருந்து அவன் கால்விரலைக்கூடக் கடலில் நனைத்ததில்லை.

அந்தக் கல்லூரியில் அடிதடி என்பது பாடத்திட்டத்தில் இல்லாத பாடம். மெஸ்ஸில் தட்டு மாறியதற்கு அடித்தார்கள், பஸ்ஸில் சீட்டு போட்டதற்கு அடித்தார்கள், ஒரு பெண் சிரித்ததற்கு அடித்தார்கள், அதே பெண் சிரிக்காததற்கும் அடித்தார்கள், ஒன்றும் கிடைக்காத நாளில் நேற்று அடித்ததற்காக அடித்தார்கள். மாடிப்படியில் காய்ந்த ரத்தத்தை மிதிக்காமல் ஏற முதலாண்டுப் பிள்ளைகள் ஒரே மாதத்தில் பழகிவிடுவார்கள். ஆடி மாதம் ஒரு வியாழக்கிழமை பதினோரு மணி இடைவேளையில், கேன்டீன் வாசலில் வைத்து, மூன்றாம் ஆண்டு மகராசன் ஒரு பெஞ்சுக்காலைப் பிடுங்கி, வேறு கயிறு கட்டிய பொன்ராசு என்ற பையனின் நெற்றியில் ஓங்கிப் போட்டான். நெற்றி விரலளவுக்குப் பிளந்தது. பிளந்த இடத்திலிருந்து கடல் தண்ணீர் வந்தது.

கலங்கலாக, நுரையோடு, கொஞ்சம் மணலும் ஒரு இறால் குஞ்சுமாக அது அவன் மூக்கு வழியே இறங்கிச் சட்டையை நனைத்து, சிமெண்டுத் தரையில் ஓடியது. பொன்ராசு உதட்டை நக்கிப் பார்த்துவிட்டு, "உப்பாக் கரிக்கி," என்றான். கேன்டீன் அண்ணாச்சி துடைப்பத்தோடு வெளியே வந்து, "அடிக்கவன் அங்கன மண்ணுல வச்சு அடிக்கக் கூடாதா, இப்பந்தான தொடச்சேன்," என்று சத்தம் போட்டார். மணி அடித்தது, எல்லோரும் வகுப்புக்குப் போனார்கள்.

அன்று சாயங்காலத்துக்குள் இன்னும் ஐந்து பேர் அடிபட்டார்கள், ஐந்து பேருக்கும் கடல் தண்ணீர்தான் வந்தது, பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. ஊர் ஆஸ்பத்திரி கம்பவுண்டர் பஞ்சை எடுத்து வைத்துவிட்டுப் பழைய வேட்டித் துணியை வாங்கி வைத்துக்கொண்டார். புகார் கொடுக்கப் போனவர்களிடம் சப்-இன்ஸ்பெக்டர், "ரத்தக் காயம்னா ஒரு செக்‌ஷன், ஊமைக் காயம்னா ஒரு செக்‌ஷன். ஈரக் காயத்துக்குச் சட்டத்துல எடமே இல்லியேப்பா," என்று உண்மையான வருத்தத்தோடு சொன்னார். பெற்றவர்கள், ரத்தம் போனால்தானே பயம், தண்ணீர்தானே, குடித்தால் ஊறிவிடும் என்று ஆறுதல் அடைந்தார்கள். முதல்வர் அருமைநாயகம் ஒரு சுற்றறிக்கை விட்டார்: அடிபடுகிற மாணவர்கள் வராந்தாக்களை ஈரமாக்காமல் உடனடியாக மைதானத்துக்குச் சென்றுவிட வேண்டும், தவறினால் நடவடிக்கை எடுக்கப்படும். பெண்பிள்ளைகள் வெயில் மழை இல்லாத வராந்தாவிலும் குடை பிடித்து நடக்கப் பழகிக்கொண்டார்கள். மெஸ் மேனேஜர் எல்லாரையும்விடக் கெட்டிக்காரர். மைதானத்து ஓரத்தில் வாய்க்கால் வெட்டி, தார்ப்பாய் விரித்து, தேங்கிய தண்ணீரைக் காயவைத்து, கடையில் உப்பு வாங்குவதையே நிறுத்திவிட்டார். சாம்பார் முன்னைக்கு இப்போது நன்றாக இருப்பதாக ஹாஸ்டலில் பேசிக்கொண்டார்கள். கொம்பையா மட்டும் முதல் கவளத்தை வாயில் வைத்துக்கொண்டு, இது எவன் உப்போ என்று கொஞ்ச நேரம் விழுங்காமல் இருப்பான், பிறகு பசியில் விழுங்கிவிடுவான்.

கறை இல்லை, கேஸ் இல்லை என்றானதும் கைகளுக்குக் கட்டில்லாமல் போயிற்று. சைக்கிள் செயின் வந்தது, கட்டில் சட்டம் வந்தது, ஸ்டம்பு வந்தது, கட்டடம் கட்டக் கொண்டுவந்து போட்டிருந்த கம்பியும் வந்தது. ஒருவனைச் சுவரோடு சாய்த்து வைத்து, எட்டுப் பேர் வரிசையில் நின்று, முறை வைத்து அடித்தார்கள். முழங்கை திரும்பியது, தாடை விலகியது, பல் தெறித்தது, பல்லோடு சேர்ந்து சிப்பியும் பாசியும் தெறித்தது, பார்த்தவர்கள் சிப்பியைத்தான் பொறுக்கினார்கள். அடி வாங்கி வற்றிப் போனவர்கள் உதடு வெடித்து, தோல் சுருங்கி, கண் உள்ளே போய்க் கட்டிலில் கிடந்து, இரண்டு நாள் குடம் குடமாகத் தண்ணீர் குடித்துவிட்டு, மூன்றாம் நாள் எழுந்து, தங்களை அடித்தவனைத் தேடிக் கிளம்பினார்கள்.

அப்போதுதான் ஹாஸ்டலில் ஒரு பேச்சு கிளம்பியது. ஒவ்வொரு கயிறும் தன் ஆளிடமிருந்து வருகிற தண்ணீரில்தான் உப்பு அதிகம் என்று சொன்னது. எங்க தண்ணி ஆழ்கடல் தண்ணிலே, ஒங்க தண்ணி முகத்துவாரத்துத் தண்ணி, சாக்கடை கலந்தது என்று பேச ஆரம்பித்து, அதற்காகவே தினமும் நாலு மண்டை உடைந்தது. வேதியியல் பேராசிரியை ஹெலன் மேடம் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு கயிறிலும் அடிபட்ட பத்துப் பேரிடம் தண்ணீர் எடுத்து, பாட்டிலில் நம்பர் ஒட்டி, பியூரெட் என்ற அளவுக் குழாயில் சில்வர் நைட்ரேட்டை ஏற்றி, சொட்டுச் சொட்டாக விட்டுச் சோதித்தார். கூட நின்று பாட்டில் கழுவியதும் அளவு குறித்ததும் கொம்பையா. வெள்ளையாகத் திரிந்து, செங்கல் நிறத்துக்கு மாறுகிற அந்த ஒரு சொட்டு எல்லாப் பாட்டிலுக்கும் ஒரே இடத்தில் விழுந்தது. ஆயிரம் பங்குக்கு முப்பத்தைந்து பங்கு உப்பு, எவனுக்கும் கூடவும் இல்லை குறையவும் இல்லை. 'எல்லாம் ஒரே தண்ணீர்தான், சந்தேகம் இருப்பவர்கள் ஆய்வகத்துக்கு வரலாம்' என்று மேடம் அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்.

சாயங்காலம் வந்தார்கள். முப்பது பியூரெட்டை உடைத்து, அமில ஜாடியைக் கவிழ்த்து, குறுக்கே விழுந்த லேப் அட்டெண்டர் குருபாதத்தின் முழங்கையை மேஜை விளிம்பில் வைத்து முறித்து, மேடத்தின் முகத்துக்கு நேராக அந்த அறிவிப்பைக் கிழித்துப் போட்டுவிட்டுப் போனார்கள். அந்தக் கல்லூரியின் சரித்திரத்திலேயே எல்லா நிறக் கயிறும் ஒன்றாகச் சேர்ந்து செய்த காரியம் அது ஒன்றுதான். மேடம் மறுநாள் நீண்ட விடுப்பில் போனார். கொம்பையாவிடம் அவருடைய நோட்டு மட்டும் தங்கிவிட்டது, அதில் அவனே எழுதிய அளவுகள் இருந்தன. அவற்றைத் திரும்பத் திரும்பப் பார்த்ததில் அவனுக்கு ஒன்று பிடிபட்டது: கடல் வற்றுகிற நேரத்தில் அடிபட்டவனிடமிருந்து தண்ணீர் கசிந்து நின்றுவிடுகிறது, கடல் ஏறுகிற நேரத்தில் சின்னக் கீறல் விழுந்தால்கூடக் கொட்டுகிறது, அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் அதுவே இரண்டு மடங்கு. இதைக் கண்டுபிடித்த அன்று அவன் சுவரில் உட்கார்ந்து, கடலைப் பார்த்துத் தனியாகச் சிரித்துக்கொண்டான். தனக்குத் தெரிந்தது வேறு யாருக்கும் தெரியாது என்ற பெருமை பதினெட்டு வயசில் யாரைத்தான் விட்டது.

புரட்டாசி பிறந்ததும் மகராசன் புதிதாக ஒரு சடங்கைக் கொண்டுவந்தான். இரண்டாம் ஆண்டு பையன்கள் ஒவ்வொருவனும் வேறு கயிறுக்காரன் ஒருவனை அடித்து, ஹாஸ்டலின் சிவப்பு பிளாஸ்டிக் வாளியில் ஒரு வாளித் தண்ணீர் எடுக்க வேண்டும். எடுத்தவனுக்கு இரண்டாவது கயிறு கட்டுவார்கள், அதன் பிறகுதான் அவன் ஆம்பளை. பத்து நாளில் மற்றக் கயிறுகளும் இதையே பிடித்துக்கொண்டன. ஒரு வாளி நிறைய இருபது அடி, சில சமயம் முப்பது அடி தேவைப்பட்டது. வாளி நிறைகிற வரை அடிக்கப்படுகிறவன் எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும், எண்ணிக்கை தப்பினால் தண்ணீரைக் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள்.

ஒரு புதன்கிழமை மத்தியானம் மகராசன் கொம்பையாவை மெஸ்ஸுக்குப் பின்னால் கூப்பிட்டான்.

"நீயும் நம்ம கயிறுதானல கட்டிருக்க?"

"ஆமாண்ணே."

"அவன்கூட ஒரே தட்டுல திங்கியாமே."

"அவன் யாரையும் அடிக்க மாட்டாண்ணே. ஒரு சோலிக்கும் போவ மாட்டான்."

"அதாம்ல வசதி," என்று மகராசன் சிரித்தான். சிவப்பு வாளியைக் கொண்டுவந்து கொம்பையாவின் கையில் மாட்டினான். "சனிக்கெழமைக்குள்ள இது நெறையணும். நீ எடுக்கலன்னா நாங்க எடுப்போம். நாங்க எடுத்தாக் கம்பிதான் பேசும். அவனுக்கு ஒண்ணு, கூடக் கெடந்த கொடுமைக்கு ஒனக்கு ஒண்ணு."

கொம்பையா வாளியோடு நேரே முதல்வர் அறைக்குப் போனான். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அது ஹாஸ்டல் வாளியா, சொந்த வாளியா?" என்றார். ஹாஸ்டல் வாளி என்றான். "அப்ப வார்டனைத்தான் பார்க்கணும்." வார்டன் லீவில் இருந்தார்.

"ஊருக்குப் போயிருலே. ஒரு மாசம் கழிச்சு வா," என்று அவன் ராசகனியிடம் கெஞ்சினான்.

"எனக்கு அட்டெண்டன்ஸ் எழுவத்தி அஞ்சு சதவீதத்துல தொங்குது. ரெண்டு நாள் போனா ஹால் டிக்கெட் கெடையாது," என்றான் ராசகனி. "எங்கப்பா தீப்பெட்டி ஆபீஸ்ல மருந்து முக்கி முக்கி வெரலெல்லாம் வெந்து கெடக்கு. பரீச்ச எழுதலன்னு அவர்ட்ட எந்த மூஞ்சிய வச்சுச் சொல்ல? நீயே அடி. என்ன கெட்டுப் போச்சு?"

"இருவது அடியா? நானா?"

அப்போதுதான் கொம்பையாவுக்கு நோட்டு ஞாபகம் வந்தது. பெட்டியிலிருந்து எடுத்து, கட்டிலில் விரித்து, பென்சிலால் கோடு போட்டுக் காட்டினான். "சனிக்கெழமை அமாவாச. காலைல ஒம்போது மணிக்குக் கடல் ஏத்தம் புடிச்சுக் கெடக்கும். அந்நேரம் ஒதட்டுல பல்லு பட்டு லேசாக் கீறுனாப் போதும், ஒரே நிமிசத்துல வாளி நெறஞ்சிரும். ஒடனே துண்ட வச்சு அமுக்கிருவேன். ஒரே அறைதான். அதுவும் பேருக்கு."

ராசகனி நோட்டைப் பார்த்தான், அவனைப் பார்த்தான், விழுந்து விழுந்து சிரித்தான். "கெமிஸ்ட்ரிக்காரன்கூட ரூம்ல கெடந்ததுக்கு இம்புட்டு லாபம் இருக்கா!" இரண்டு நாளும் அவர்கள் தலையணையை நிறுத்தி வைத்து அறை பழகினார்கள், சத்தம் பெரிதாகவும் வேகம் சின்னதாகவும் விழுகிற மாதிரி. அந்தச் சிரிப்புச் சத்தம் பக்கத்து ரூம் வரை கேட்டிருக்கிறது. எழுதவே கை கூசுகிறது, ஆனால் நடந்தது அதுதான். அந்த ஹாஸ்டலில் அந்த வருஷம் யாரும் அவ்வளவு சிரிக்கவில்லை.

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு வாலிபால் மைதானத்தில் இருநூறு பேர் கூடியிருந்தார்கள். காற்று கடலிலிருந்து அடித்தது, அலை காம்பவுண்டுச் சுவரின் அடிவாரத்தில் மோதுகிற சத்தம் தெளிவாகக் கேட்டது. வாளியை நடுவில் வைத்து, ராசகனியை அதன் முன்னால் முட்டி போடச் சொன்னார்கள். அவன் கொம்பையாவைப் பார்த்து யாருக்கும் தெரியாமல் ஒரு கண்ணைச் சிமிட்டினான். கொம்பையா கையை ஓங்கி, பழகிய மாதிரியே, சத்தம் பெரிதாக, வேகம் சின்னதாக அறைந்தான். கீழுதடு பல்லில் பட்டு நெல்மணி அளவுக்குக் கிழிந்தது.

குழாயைத் திறந்ததுபோல் கொட்டியது. வாளி நிறைய ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, மகராசன் விசிலடித்தான், கூட்டம் ஓவென்று கத்தியது. கொம்பையா இடுப்பிலிருந்த துண்டை உருவி உதட்டில் வைத்து அமுக்கினான். துண்டு நனைந்தது, கை நனைந்தது, தண்ணீர் விரலிடுக்கில் பீறிட்டு அவன் முகத்திலேயே அடித்தது. இன்னும் பலமாக அமுக்கினான். உதட்டில் அடைத்ததும் மூக்கில் வந்தது, மூக்கைப் பொத்தியதும் காதில் வந்தது, போன வருஷம் பஸ்ஸில் வாங்கிய அடியின் தழும்பு புருவத்தில் திறந்துகொண்டது, முழங்காலில் திறந்தது, சின்ன வயசில் முள் குத்திய பாதத்தில்கூடத் திறந்தது. அவன் நோட்டில் எழுதியதெல்லாம் இதுவரை அடிபட்டவர்களின் அளவுகள். அமாவாசையன்று ஏற்றம் இன்னும் மூன்றரை மணி நேரம் பாக்கி இருக்கிறபோது எவனையும் யாரும் அடித்ததில்லை, அதற்கு அந்த நோட்டில் அளவே இல்லை என்பது அப்போதுதான் அவன் மண்டையில் இறங்கியது. கடல் வற்ற ஆரம்பிக்கப் பன்னிரண்டரை ஆகும். மணி ஒன்பது ஐந்து.

"நின்னுரும், நின்னுரும்லே," என்று கொம்பையா கத்தினான்.

ராசகனியின் வாய் நிறையத் தண்ணீர். அவன் கொம்பையாவின் வலது கையைப் பிடித்துக்கொண்டான், நகம் பதியும்படி பிடித்துக்கொண்டான், கண்ணை இறுக்கி மூடி, முதுகு வில்லாக வளைய, முட்டி போட்டபடியே துடித்தான். கூட்டத்துக்கு அது தெரியவில்லை, தெரிந்தாலும் புரியவில்லை. "இன்னொரு வாளி கொண்டாங்கலே!" நீல வாளி வந்தது, பச்சை வாளி வந்தது, மெஸ்ஸிலிருந்து அண்டாவே வந்தது. ஒருவன் மேல் ஒருவன் தண்ணீரை அள்ளி எறிந்து ஆடினார்கள். கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது, அதில் சின்ன மீன்கள் துள்ளின, நாலு பேர் மீனைத் துரத்தி ஓடினார்கள்.

கொம்பையா அவனைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு கம்பவுண்டரிடம் போக ஓடினான். பத்தடிக்கு ஒரு தரம் தோளில் கனம் குறைந்தது. மகராசனின் ஆட்கள் வழியை மறித்தார்கள், அவன் வெற்றியைக் கொண்டாட ஓடுவதாக நினைத்து, அவனை அப்படியே அலாக்காகத் தூக்கித் தங்கள் தோளில் ஏற்றினார்கள். ராசகனி நழுவித் தண்ணீருக்குள் விழுந்தான். "விடுங்கடா, சாகக் கெடக்காண்டா!" என்று கொம்பையா கீழே இருந்தவன் தலையில் குத்தினான், காதைக் கடித்தான், கடித்த காதிலிருந்தும் கடல் பீச்சியது, அவர்கள் அதற்கும் சிரித்தார்கள். மகராசனின் தொண்டையில் உதைத்தபோதுதான் சிரிப்பு நின்றது. கீழே போட்டு மிதித்தார்கள். விலாவில் மிதித்தார்கள், முகத்தில் மிதித்தார்கள், தண்ணீருக்குள் தலையை அமுக்கினார்கள். அவன் ஒவ்வொரு காலாகத் தள்ளிவிட்டு, தவழ்ந்து தவழ்ந்து ராசகனி விழுந்த இடத்துக்குப் போனான். அங்கே ஒரு சட்டை மிதந்தது, ஒரு பேண்ட் மிதந்தது. தண்ணீர் மெஸ் மேனேஜரின் வாய்க்கால் வழியாகச் சுவரின் ஓட்டைக்கு ஓடி, ஓட்டை வழியாகக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. இரண்டு கையாலும் அள்ளி அள்ளிச் சட்டைக்குள் ஊற்றினான். நிற்கவில்லை.

மத்தியானம் மைதானம் காய்ந்துவிட்டது. சாயங்காலம் அதில் வாலிபால் விளையாடினார்கள். கொம்பையா உடைந்த விலாவோடு ஸ்டேஷனுக்குப் போய், "ஒருத்தனக் கொன்னுட்டேன், என்னப் பிடிச்சு உள்ள போடுங்க," என்று சொன்னான்.

"ரத்தம் எங்க?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"இல்ல சார்."

"பொணம் எங்க?"

"கடலுக்குப் போயிருச்சு சார்."

"கடல்ல குளிக்கப் போனவன் திரும்பல. அம்புட்டுதான விசயம்? அதுக்கு ஏன்பா ஒன்னய உள்ள போடணும்?" அவர் அவனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். முதல்வரும் அப்படியே எழுதினார். எச்சரிக்கையை மீறிக் கடலில் இறங்கிய மாணவன் மாயம், நிர்வாகம் பொறுப்பல்ல. பொருளாதார வகுப்பில் வருகைப் பதிவேட்டில் அந்தப் பெயருக்கு நேராகச் சிவப்பு மையில் ஒரு கோடு போட்டார்கள். மகராசன் இரண்டாவது கயிற்றை இருபத்தேழாம் நம்பர் ரூம் கதவில் தொங்கவிட்டுப் போயிருந்தான். கொம்பையா அதை எடுத்து மெஸ் அடுப்பில் போட்டான். மூன்று நாள் அவன் சாப்பிடவில்லை.

செவ்வாய்க்கிழமை ராசகனியின் அப்பா தவசி வந்தார். மகனைப்போலவே ஒல்லி, தீப்பெட்டி மருந்து தின்ற விரல்கள், வெள்ளைச் சட்டையின் பையில் மடித்த பஸ் டிக்கெட். முதல்வர் நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போடாமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "எம் மவன் கண்மாய்லயே எறங்க மாட்டானே சார்," என்றார். முதல்வர், வயசுக் கோளாறு என்று ஏதோ சொன்னார். தவசி கையெழுத்துப் போட்டுவிட்டு, மகனின் டிரங்குப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். கேட்டுக்குப் பக்கத்தில் பூவரச மரத்தடியில் கொம்பையா நின்றான்.

"ஐயா, நான் அவங்கூட ரூம்ல இருந்தவன். அவன் கடலுக்குப் போகல. நான்தான் அடிச்சேன். என் கையாலதான் செத்தான்."

தவசி பெட்டியை இறக்கி வைத்தார். "நீ கொம்பையாதான? அவன் எந்நேரமும் ஒம் பேச்சுத்தான பேசுவான்?"

"அந்தப் பாவிதான்யா. அடிங்க. என்னய அடிங்கய்யா, யாருமே ஒண்ணும் செய்ய மாட்டேங்காங்க."

அவர் அவன் முகத்தைப் பார்த்தார். கை தானாக எழுந்ததுபோல் எழுந்து கொம்பையாவின் கன்னத்தில் இறங்கியது. அந்த ஒல்லி உடம்பில் அவ்வளவு பலம் எங்கிருந்தது என்று தெரியவில்லை, அவன் சுருண்டு மரத்தின் வேரில் விழுந்தான். வாயைத் துடைத்தான். புறங்கை சிவந்திருந்தது. நல்ல சூடான, கெட்டியான, செக்கச்சிவந்த ரத்தம் அவன் உதட்டிலிருந்து மோவாய் வழியே சொட்டி மண்ணில் விழுந்தது.

ஒரு பெண்பிள்ளைதான் முதலில் பார்த்து வீறிட்டாள். ரத்தம், ரத்தம் என்று வராந்தா முழுக்கச் சத்தம் பரவியது. சிலர் வாந்தி எடுத்தார்கள், மகராசன் பின்வாங்கி ஒரு தூணைப் பிடித்துக்கொண்டான், முதல்வர் செருப்பில்லாமல் ஓடி வந்து, "என் கேம்பஸுக்குள்ள வந்து ரத்தக் காயமா! போலீஸைக் கூப்பிடுங்க!" என்று அலறினார். இரண்டு மாதமாக எவ்வளவு கூப்பிட்டும் வராத ஜீப் ஐந்தே நிமிஷத்தில் வந்து நின்றது. சப்-இன்ஸ்பெக்டர் மண்ணில் விழுந்த துளிகளைச் சுற்றிச் சுண்ணாம்பால் வட்டம் போடச் சொல்லிவிட்டு, தவசியின் கையைப் பின்னால் முறுக்கி, பிடரியில் இரண்டு வைத்து, ஜீப்பில் ஏற்றினார். டிரங்குப் பெட்டியையும் சாட்சியமாக எடுத்துப் பின்னால் எறிந்தார்கள்.

"அவர விடுங்க சார், அவரு மவன நான்தான் கொன்னேன், அதுக்குத்தான் அடிச்சாரு!" கொம்பையா ஜீப்பின் முன்னால் போய் விழுந்தான்.

"வாயத் தொறக்காதப்பா, ரத்தம் வீணாப் போகுது. நீதான் வாதி," என்றார் சப்-இன்ஸ்பெக்டர். இரண்டு போலீஸ்காரர்கள் அவனைப் பத்திரமாக, உடைகிற சாமானைத் தூக்குகிற மாதிரி, ஓரமாகத் தூக்கி வைத்தார்கள்.

ஜீப் உறுமியது. பின்பக்கத்துக் கம்பி வலையில் தவசி முகத்தை வைத்திருந்தார். கோபம் எல்லாம் அந்த ஒரு அறையோடு தீர்ந்துபோயிருந்தது.

"தம்பி, ஒண்ணே ஒண்ணு சொல்லு. எம் புள்ளைக்கு வலிச்சுதா?"

கம்பவுண்டர் அதைக் கேட்டதில்லை, சப்-இன்ஸ்பெக்டர் கேட்டதில்லை, முதல்வர் கேட்டதில்லை, அவ்வளவு அளவு எழுதிய நோட்டிலும் அதற்கென்று ஒரு கட்டம் இல்லை, கொம்பையாவும் அதுவரை தன்னையே அதைக் கேட்டுக்கொண்டதில்லை. கல்லூரி முழுக்க வராந்தாவில் நின்று அவனைப் பார்த்தது. இல்லை என்று சொன்னால் அந்த மனுஷன் கொஞ்சமாவது தூங்குவார் என்று அவனுக்குத் தெரிந்தது.

"வலிச்சுதுய்யா," என்றான். வாயில் ரத்தம் நிறைந்திருந்தது, துப்பிவிட்டு மறுபடி சொன்னான். "ரொம்ப வலிச்சுது. என் கையப் பிடிச்சுக்கிட்டே இருந்தான். நான் விடல, அவனுவதான் பிரிச்சானுவ."

தவசி சரி என்று தலையை ஆட்டினார். பிறகு குனிந்து, சாய்ந்து கிடந்த டிரங்குப் பெட்டியை நேராக நிமிர்த்தி, இரண்டு காலுக்கும் நடுவில் இழுத்து வைத்துக்கொண்டார். ஜீப் கேட்டைத் தாண்டி மேற்கே திரும்பியது.